மணி பத்துக்கு மைக் நிற்கும்: ஒரே கேரம் போட்டியை இரண்டு முறை நடத்திய கதை

2023 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய எங்கள் தெரு கேரம் போட்டியின் பரிசளிப்பு, விடிந்தால் திங்கள் என்கிற நேரத்தில், ராத்திரி ஒன்றரை மணிக்கு நடந்தது. மைக் இல்லை. கைதட்ட ஆளும் இல்லை. ஜெயித்தவர், தோற்றவர், பந்தலைப் பிரிக்கக் காத்திருந்த இரண்டு பையன்கள், எங்கள் குழுவில் தூங்காமல் மிஞ்சிய நாலு பேர், அவ்வளவுதான் கூட்டம். கோப்பையைக் கொடுக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் எப்போதோ கிளம்பிவிட்டார். நான்தான் கொடுத்தேன். எதிர் மாடியிலிருந்து ஒரு அம்மா ஜன்னலைத் திறந்து, "முடிஞ்சிடுச்சாப்பா?" என்று கேட்டார். அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் அது.

அடுத்த முறை நடத்தியது 2024 டிசம்பர் 29. அதுவும் ஞாயிறு. அதே குழு, ஏறக்குறைய அதே பணம். பரிசளிப்பு சாயங்காலம் ஏழே காலுக்கு முடிந்தது. காலையில் முதல் சுற்றிலேயே தோற்றவர்கள்கூட நிறைய பேர் இருந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டுக்கும் கணக்கு எழுதியவன் நான். நோட்டு இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. முதல் நோட்டில் எல்லாப் பக்கத்திலும் ரூபாய் இருக்கிறது, ஒரு பக்கத்தில்கூட நிமிஷம் இல்லை.

ஏன் கேரம்

வடசென்னைப் புது வண்ணாரப்பேட்டைக்காரனிடம் இதைக் கேட்கக் கூடாது. ஆனாலும் வெளியூர்க்காரர்களுக்காக: இங்கே கிரிக்கெட்டுக்கு மைதானம் தேட வேண்டும், கேரமுக்கு ஒரு விளக்கும் ஒரு திண்ணையும் போதும். மன்றம், படிப்பகம், மீன் வலை வைக்கிற கொட்டகை எங்கே பார்த்தாலும் ஒரு போர்டு கிடக்கும். 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் சென்னைக்காரர், 1996-இன் அர்ஜுனா விருது பெற்றவர். வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்று வந்தபோது எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் முதல்முறையாக ஸ்ட்ரைக்கரைக் கேட்டு வாங்கினார்கள். அப்புறம் 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். அவர் வீடு செரியன் நகர், எங்கள் தெருவிலிருந்து நடந்தே போகலாம். எங்கள் இரண்டாவது போட்டிக்குப் பெயர்ப் பதிவு இரண்டே நாளில் நிரம்பியதற்கு எங்கள் விளம்பரம் காரணமில்லை, அந்த மூன்று தங்கம்தான் காரணம்.

முதல் முறை: எழுபத்தெட்டு பேர், ஆறு போர்டு

திட்டம் இதுதான். தெருவில் ஷாமியானா பந்தல், ஆறு போர்டு வாடகைக்கு, நுழைவுக் கட்டணம் ஆளுக்கு 100 ரூபாய், காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம், நாலு மணிக்கு விருந்தினர், ஆறு மணிக்குப் பரிசு. அறுபது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். அன்று காலையில் வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டோம், வந்தவனைத் திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும்? மொத்தம் 78 பேர். கட்டணம் கூடுதலாக வந்தது என்று நான் சந்தோஷமாக எழுதி வைத்திருக்கிறேன்.

நாக்-அவுட் ஆட்டத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் வெளியே போகிறார். 78 பேரில் ஒருவர் மிஞ்ச வேண்டுமென்றால் 77 ஆட்டம் நடந்தே ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. ஒரு போர்டு, அதாவது காய்களை அடுக்கி ஒரு தடவை ஆடுவது, முடிய ஐந்திலிருந்து ஏழு நிமிஷம் ஆகும். ஒரு கேம் என்பது 25 பாயிண்ட் அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அது. ஆகவே ஒரு கேமுக்கு நாற்பது நிமிஷம். மூன்று கேமில் இரண்டு ஜெயிக்க வேண்டும் என்று வைத்தால் ஒரு ஆட்டம் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். நாங்கள் பெரிய போட்டி மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லாச் சுற்றுக்கும் மூன்று கேம் என்று நோட்டீஸில் அடித்துவிட்டோம். 77 ஆட்டம், ஆறு போர்டு, ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் போட்டி திங்கட்கிழமை விடியற்காலையில்தான் முடியும் என்று தெரிந்திருக்கும். யாரும் போடவில்லை.

போர்டுகளை ஏற்றிய குட்டியானை கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி பத்து மணிக்கு வந்தது. ஸ்டாண்டு பூட்டி, விளக்கு தொங்கவிட்டு, பதினொன்றே காலுக்கு முதல் ஆறு ஆட்டம் ஆரம்பித்தன. அவை முடிய ஒரு மணி இருபது நிமிஷம் ஆனது. அப்போதுதான் குழுவில் ஒருவர் மெதுவாக விரல்விட்டு எண்ணிப் பார்த்து முகம் வெளுத்தார். சரி, இனிமேல் ஒரே கேம் என்று மைக்கில் அறிவித்தோம். உடனே ஒரு பையன் வந்தான். "இன்னாண்ணே, நான் மூணு கேம் ஆடி தோத்துட்டு நிக்கறேன், முதல் கேம் நான்தான் ஜெயிச்சேன். இப்ப ஒரு கேம்னா அப்ப நான்தானே வின்னு?" அவனுக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பகல் பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு பிரியாணி வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள். இருந்தது ஒரு குடம் தண்ணீர், அதில் கை கழுவினார்கள், அல்லது கழுவியதாகச் சொன்னார்கள். இதற்கு அப்புறம் ஆறு போர்டிலும் என்ன நடந்தது என்று கேரம் ஆடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெய் விரல் பட்ட இடத்தில் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டியது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தது. காசிமேடு பக்கத்தில்தான். ஈரக் காற்றில் போரிக் பவுடர் மாவு பிசைந்த மாதிரி ஆகிவிடும், காய் ஓடாது. மூன்றாவது போர்டில் ரெட், பாக்கெட்டை நோக்கி நேராகப் போய், ஒரு விரல் தூரத்தில் அப்படியே நின்றது. அடித்தவர் எழுந்து வந்து போர்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஐந்து இருபதுக்கு மழை. ஆடி மாசத்துச் சாயங்காலத் தூறல், இருபது நிமிஷம்கூட இருக்காது. ஷாமியானா துணி வெயிலுக்குத்தான், மழைக்கு இல்லை. ஓடிப் போய் போர்டுகளைத் தூக்கியதில் காய்கள் இடம் மாறின, ஆறு ஆட்டத்திலும் சண்டை. இதே பக்கத்தில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 18-ஆம் தேதி தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது, கூட்டம் கலையவில்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பேச்சுக்கு மழை ஒத்துவரும். ஒட்டுப்பலகைக்கு ஒத்துவராது.

ஆடி ஞாயிறு என்பதையும் சொல்ல வேண்டும். தெரு முனையில் அம்மன் கோயில். அன்று கூழ் ஊற்றுகிறார்கள். தேதி முடிவு செய்யும்போது எங்களில் பாதிப் பேர் அந்தக் கோயில் விழாவுக்கும் வேலை செய்பவர்கள் என்பது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. காலை முழுக்க அவர்கள் அங்கே, நாங்கள் இங்கே. அவர்கள் ஒலிபெருக்கியும் எங்கள் மைக்கும் மோதியதில் "நாலாம் போர்டுக்கு வரவும்" என்றால் யாருக்கும் கேட்கவில்லை.

நாலு மணி விருந்தினர் எட்டு பத்துக்கு வந்தார். ஆட்டத்தை நிறுத்தினோம். பதினாலு பேருக்குப் பொன்னாடை. பதினாலு பேரில் ஒன்பது பேர் ஆட்டத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள், ஆனால் விட்டால் தெருவில் நடக்க முடியாது. நாற்பது நிமிஷம் போனது.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு காவல் நிலையத்திலிருந்து வந்தார்கள். கோபமாகப் பேசவில்லை. மைக்கை நிறுத்தச் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலிலேயே 55 டெசிபல்தான், இரவில் 45. அனுமதிக் கடிதத்திலேயே இது எழுதியிருந்தது. நாங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிய கடிதம்தான். அதற்கப்புறம் நான் ஆள் ஆளாகப் போய் காதோடு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

பை என்கிற விவகாரம்

இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் அன்று அடிதடி வரைக்கும் போனது இதனால்தான்.

78 பேர். முதல் சுற்றில் 39 ஜோடி, சரியாகப் பிரிந்தது. ஜெயித்த 39 பேரில் ஒருவருக்கு ஜோடி இல்லை. சீட்டுக் குலுக்கி ஒருவரை ஆடாமலே அடுத்த சுற்றுக்கு அனுப்பினோம். அதைத்தான் பை என்பார்கள். 20 பேர் ஆனார்கள், பத்தானார்கள், ஐந்தானார்கள். ஐந்தில் மறுபடியும் ஒருவருக்குப் பை. மூன்று பேர் மிஞ்சினார்கள். மூன்றிலும் ஒருவருக்குப் பை. இரண்டு தடவையும் சீட்டு ஒரே பையனுக்கு விழுந்தது. கடைசி ஐந்திலிருந்து ஒரு காய்கூட அடிக்காமல் அவன் ஃபைனலில் உட்கார்ந்தான். சீட்டை மடித்துப் போட்டது அவனுடைய சித்தப்பா. நேர்மையாகத்தான் போட்டார், நான் பார்த்தேன். ராத்திரி பன்னிரண்டு நாற்பதுக்கு இதை யார் நம்புவார்கள்?

பிறகுதான் ஒரு பழைய ஆட்டக்காரர் சொல்லிக் கொடுத்தார். பை முழுவதையும் முதல் சுற்றிலேயே தீர்த்துவிட வேண்டும். 64 என்பது இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் ஒன்று வரை மிச்சம் வராத எண். 78 பேர் வந்தால் அதிகப்படி 14. ஆக 28 பேரை ஆடவிட்டு 14 பேரை வெளியே அனுப்பு, மீதி 50 பேருக்குப் பை. அதற்கு அப்புறம் 64, 32, 16, 8, 4, 2. எங்கேயும் சீட்டுக் குலுக்க வேலை இல்லை. ஐந்து நிமிஷத்தில் ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் போட்டுக் காட்டினார்.

இடையில் ஒரு புயல்

அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் நடத்திக் கெட்ட பெயரைப் போக்கிக்கொள்ளலாம் என்றிருந்தோம். டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் வந்தது. மன்றத்து அறையில் இடுப்பளவு தண்ணீர். எங்களுக்குச் சொந்தமான இரண்டு போர்டும் ஊறி, ஓரம் பிரிந்து, நடுவில் வயிறு வைத்துவிட்டன. யாருக்கும் கேரம் நினைப்பே இல்லை. அதனால் ஒரு வருஷம் தள்ளிப் போனது. திட்டமிட நேரம் கிடைத்தது என்று இதைச் சொல்ல மாட்டேன், அந்த மாதங்களில் நாங்கள் எதையும் திட்டமிடவில்லை.

பின்னாலிருந்து எண்ணியது

2024 அக்டோபரில் உட்கார்ந்தபோது முதலில் எழுதியது பரிசளிப்பு நேரம். இரவு ஏழரை. அதற்குமேல் எந்தக் காரணத்துக்கும் தள்ளாது. அங்கிருந்து பின்னோக்கி வந்தோம். ஃபைனல் ஐந்தே முக்காலிலிருந்து ஏழே கால், மூன்று கேம். அரையிறுதி நாலிலிருந்து ஐந்தரை, அதுவும் மூன்று கேம். அதற்கு முன்னால் எல்லாம் ஒரே கேம், ஒரு தவணைக்கு, அதாவது எல்லா போர்டிலும் ஒரே நேரத்தில் நடக்கிற ஆட்டங்களுக்கு, முக்கால் மணி. எட்டு போர்டு இருந்தால் 64 பேரின் முதல் சுற்று நாலு தவணை, மூன்று மணி நேரம். இரண்டாம் சுற்று இரண்டு தவணை, ஒன்றரை மணி நேரம். மூன்றாம் சுற்று ஒரு தவணை, காலிறுதி ஒரு தவணை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், நடுநடுவே கால் கால் மணி மூச்சு விட. எண்ணிக்கொண்டே பின்னால் போனால் காலை எட்டரையில் வந்து நின்றது. எட்டரைக்கு ஆரம்பிக்க முடியுமா? முடியும். ஆறு போர்டு வைத்திருந்தால் முடிந்திருக்காது, காலை ஐந்தரைக்கே உட்கார வேண்டும். எத்தனை போர்டு வாடகைக்கு எடுப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது என்ற இரண்டையும் இந்தக் கணக்குதான் முடிவு செய்தது, பண வசதி முடிவு செய்யவில்லை.

64-க்கு மேல் ஒருவர் கிடையாது என்று முடிவு செய்ததும், சொன்னது சொன்னபடி நின்றதும் வேறு வேறு வேலை. பதிவு மூடிய பிறகு 21 பேர் கேட்டார்கள். இரண்டு பேர் எங்கள் நன்கொடையாளர்களின் பிள்ளைகள். காத்திருப்போர் பட்டியல் ஒன்று வைத்து, யாராவது வராவிட்டால் வரிசைப்படி என்று சொன்னோம். ஒரு நன்கொடையாளர் மூன்று மாதம் பேசவில்லை.

64 பேரையும் காலை எட்டரைக்கே வரச் சொல்லவில்லை. அவரவர் தவணை நேரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்: "உங்கள் முதல் ஆட்டம் 9.15. ஒன்பதுக்கு வந்துவிடவும். 9.25 தாண்டினால் எதிராளி வென்றதாக அறிவிக்கப்படும்." இதனால் ஒரு நேரத்தில் மண்டபத்தில் ஆடுபவர்கள் 16 பேர், அடுத்து ஆட வேண்டியவர்கள் 16 பேர், இவர்கள்தான் இருந்தார்கள். நாற்காலி, தண்ணீர், கழிப்பறை, சத்தம் எல்லாமே பாதியாகிவிட்டது.

மார்கழியில் மண்டபம் சும்மா கிடக்கும்

தெரு வேண்டாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மண்டபம் என்றால் வாடகை எங்கே போவது என்பதுதான் கேள்வி. மார்கழியில் கல்யாணம் கிடையாது. டிசம்பர் பாதியிலிருந்து பொங்கல் வரை சின்னக் கல்யாண மண்டபங்கள் பூட்டியே கிடக்கின்றன. அரையாண்டு விடுமுறை, பிள்ளைகளுக்குப் பள்ளியும் இல்லை. முதல் மாடிச் சாப்பாட்டுக் கூடம் மட்டும் போதும் என்று கேட்டதில் முழு நாளுக்கு 12,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆடியிலும் மண்டபம் காலியாக இருக்கும், ஆனால் ஆள் காலியாக இருக்க மாட்டார்கள் என்பதைத்தான் ஏற்கெனவே கற்றிருந்தோமே.

ஒரு வாரம் முன்னால் ஒரு போர்டைத் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே ஆடிப் பார்த்தோம். இதைச் செய்யாமல் விட்டிருந்தால் போட்டியே நடந்திருக்காது. பந்தி மேசை மேல் போர்டை வைத்தால் எட்டு வயதுப் பையன் ஜன்னல் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. போர்டு தரையிலிருந்து 70 சென்டிமீட்டரைத் தாண்டினால் தோள் தூக்கிக்கொள்ளும், அடி நிற்காது. ஆக எட்டு ஸ்டாண்டு வேண்டும். மண்டபத்து நாற்காலிக்குக் கை இருக்கிறது, ஓரத்துக் காயை அடிக்கும்போது முழங்கை இடிக்கும். கை இல்லாத நாற்காலி 32 கேட்டோம். மின்விசிறியைப் போட்டதும் தொங்கவிட்ட விளக்கு ஆடியது. விளக்கு ஆடினால் காய்களின் நிழலும் ஆடும், கண் ஏமாந்துபோகும். விளக்குக் கம்பியை நாலு பக்கமும் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டினோம். மார்கழி என்பதால் விசிறி இல்லாமலும் சமாளிக்க முடிந்தது.

இன்னொன்று. முதல் போட்டியில் ஒரு பெண்கூடப் பெயர் கொடுக்கவில்லை, ஆர்வம் இல்லை என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். இரண்டாவது முறை 9 பேர் கொடுத்தார்கள். அதே தெருக்களிலிருந்துதான். தெருவில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை நடக்கிற, கழிப்பறை இல்லாத ஒரு போட்டிக்கு எந்த வீட்டில் அனுப்புவார்கள்? ஒருவர் காலிறுதி வரை வந்தார்.

"கமிட்டி பார்த்துக்கும்"

முதல் நோட்டில் இந்தச் சொல் ஏழு இடத்தில் இருக்கிறது. தண்ணீர், கமிட்டி பார்த்துக்கும். நடுவர், கமிட்டி பார்த்துக்கும். அன்று பகல் பதினொன்று நாற்பதுக்குத் தண்ணீர் கேன் காலியானபோது நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது.

இரண்டாவது நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் ஒரே ஒரு ஆளின் பெயரும் அவருடைய கைப்பேசி எண்ணும். இரண்டு பேர் பெயர் போட்டால் ஒருவரும் செய்ய மாட்டார். பவுடருக்கு ஒரு ஆள். யாரோடு யார் ஆடுகிறார் என்று காட்டும் ஃபிக்சர் சார்ட்டில் ஜெயித்தவர் பெயரை எழுத ஒரே ஆள், ஒரே பேனா, வேறு யாரும் சார்ட்டைத் தொடக் கூடாது. விருந்தினருக்கு ஒரு ஆள். அவர் வேலை விருந்தினரைக் கூப்பிடுவது மட்டும் இல்லை, அவர் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து வைப்பதும்.

அது தேவைப்பட்டது. டிசம்பர் 26 இரவு முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங் காலமானார். ஏழு நாள் அரசுத் துக்கம். எங்கள் விருந்தினர் அரசுப் பணியில் இருப்பவர், மறுநாளே வர இயலாது என்று சொல்லிவிட்டார். அந்தப் பொறுப்பில் இருந்த தம்பி ஏற்கெனவே ஓய்வுபெற்ற கேரம் நடுவர் ஒருவரிடம் பேசி வைத்திருந்தான். அவர் சாப்பாட்டு வேளையில் வந்தார், ஒரு நிமிஷம் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம், அவர் ஐந்து நிமிஷம் பேசினார். பொன்னாடை கிடையாது. ஆட்டம் நிற்கவே இல்லை.

நடுவர் விஷயத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: தோற்றவர் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர். தெருமுனையில் சரி. காசு கட்டிக் கலந்துகொள்கிற போட்டியில் தோற்றவன் முறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். இந்த முறை பத்துப் பேரை, எல்லோரும் நாற்பது வயதைத் தாண்டிய பழைய ஆட்டக்காரர்கள், ஆளுக்கு 500 ரூபாயும் சாப்பாடும் கொடுத்து உட்காரவைத்தோம். செலவிட்ட பணத்தில் இதைவிட நல்ல செலவு வேறில்லை.

அந்த நாள்

ஒழுங்காக நடந்தது என்று சொன்னேன், தப்பே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. மண்டபத்துச் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில். எட்டரைக்குப் பதிலாக எட்டு ஐம்பத்திரண்டுக்கு முதல் பிரேக் அடித்தார்கள்.

எண்ணூரிலிருந்து வர வேண்டிய பையன் ஒருவன் ஒன்பது முப்பத்தொன்றுக்கு மூச்சிரைக்க ஏறி வந்தான். லாரி வரிசை. ஆறு நிமிஷம். என்னோடு வேலை பார்ப்பவரின் மகன், சின்ன வயதிலிருந்து தெரியும். எதிராளி பெயர் சார்ட்டில் ஏறிவிட்டது. விதியை மாற்றவில்லை. ஆனால் தூரத்திலிருந்து வருபவர்களை முதல் சுற்றின் கடைசித் தவணையில் போட்டிருக்க வேண்டும், முகவரி எங்கள் கையில்தானே இருந்தது. அது எங்கள் தவறு, அவனுடையது இல்லை. அவனிடம் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டு கீழே போய்விட்டான்.

நேர வரம்பும் ஒரு புதுத் தந்திரத்தைக் கிளப்பியது. நாற்பது நிமிஷம் ஆனதும் நடக்கிற போர்டுதான் கடைசி, அதன் முடிவில் யார் முன்னால் இருக்கிறாரோ அவர் வென்றவர் என்று வைத்திருந்தோம். இரண்டாம் சுற்றில் ஐந்தாவது போர்டு மேசையில் ஆறு பாயிண்ட் முன்னால் இருந்த ஒருவர், முப்பத்திமூன்றாவது நிமிஷத்திலிருந்து ஸ்ட்ரைக்கரைச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்தார். எதிரில் இருந்த பெண் கையைக் கட்டிக்கொண்டு நடுவரைப் பார்த்தார். ஒரு அடிக்குப் பதினைந்து விநாடிதான் என்று ஆட்ட விதியிலேயே இருக்கிறது, ஆனால் தெருவில் யாரும் எண்ணியதில்லை. நடுவர் பெரியவர், குரலை உயர்த்தாமல் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண ஆரம்பித்தார். பன்னிரண்டில் ஸ்ட்ரைக்கர் போர்டுக்கு வந்தது. அப்புறம் எட்டு மேசையிலும் எண்ணச் சொல்லிவிட்டோம்.

சாப்பாடு எலுமிச்சை சாதம், தயிர் சாதம், ஊறுகாய், ஸ்பூன். வடசென்னையில் பிரியாணி இல்லாத நிகழ்ச்சியா என்று ஒரு டஜன் பேர் கேட்டார்கள். கூடத்து வாசலில் சோப்பு, துண்டு, அங்கே கை துடைக்காமல் உள்ளே வர முடியாது. அந்த வேலைக்கு நின்றது பன்னிரண்டு வயதுப் பையன், யாரையும் விடவில்லை, விருந்தினரையும்.

மூன்றாம் சுற்று மூன்று மணிக்கு முடிந்தது, காலிறுதி மூன்று ஐம்பதுக்கு. அரையிறுதி ஐந்து இருபதுக்கு. ஃபைனல் மூன்றாவது கேம் வரை போய் ஆறு ஐம்பதுக்கு முடிந்தது. கடைசி போர்டில் ரெட்டைப் போட்டு, அதற்குக் கவர் எடுக்க வேண்டிய காய் எதிராளியின் இரண்டு காய்களுக்கு நடுவில் ஒளிந்திருந்தது. வெட்டி எடுத்தார். அதைப் பார்க்க மேசையைச் சுற்றி நாற்பது பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். போன தடவை இதே நிலையைப் பார்க்க எட்டுப் பேர் இருந்தோம், மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பணம்

முதல் முறை வரவு: கட்டணம் 7,800, நன்கொடை 31,000. செலவு 49,400. அதில் பந்தலும் நாற்காலியும் மட்டும் 14,000, பேனர் 3,500, பொன்னாடை 2,800. துண்டு விழுந்த 10,600 ரூபாயை நாலு பேர் போட்டோம். பேனரைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஒரு இளம்பெண் உயிரிழந்த பிறகு அனுமதியில்லாத பேனருக்கு யாரும் கண்ணை மூடுவதில்லை. நன்கொடை தந்த கடைக்காரர் கேட்டார் என்று அனுமதி வாங்காமல் கட்டினோம், மத்தியானமே கழற்றச் சொன்னார்கள். கழற்றினோம். சொன்னவர்கள் பக்கம்தான் நியாயம்.

இரண்டாவது முறை கட்டணத்தை 150 ஆக்கினோம், 9,600 வந்தது. நன்கொடை 34,000. செலவு: மண்டபம் 12,000, மின்சாரமும் சுத்தம் செய்வதும் 2,500, போர்டும் ஸ்டாண்டும் 5,000, நடுவர்கள் 5,000, சாப்பாடு 6,200, பரிசு 10,000, பவுடர் தண்ணீர் அச்சு எல்லாம் சேர்த்து 1,600. மொத்தம் 42,300. கையில் 1,300 மிஞ்சியது. பரிசுத் தொகையை இரண்டாயிரம் குறைத்ததை யாரும் கேட்கக்கூட இல்லை. பெரிய பரிசு வைத்தால்தான் நல்ல ஆட்டக்காரர்கள் வருவார்கள் என்று முதல் முறை மூன்று கூட்டம் போட்டு வாதாடியிருந்தோம்.

முடிவாகாதது

காத்திருப்பில் இருந்த 21 பேரும், பெயர் கொடுக்காமலே திரும்பியவர்களும் இப்போதே கேட்கிறார்கள். 128 பேராக்கலாம் என்கிறது ஒரு கட்சி. எட்டு போர்டில் முதல் சுற்றுக்கே எட்டுத் தவணை, ஆறு மணி நேரம். ஒரே நாளில் நடக்காது. இரண்டு நாள் என்றால் மண்டபம் இரண்டு வாடகை, நடுவர் இரண்டு கூலி, முதல் நாள் ஜெயித்தவர் மறுநாள் வேலைக்கு லீவு போட வேண்டும். போர்டை பதினாறாக்கினால் அந்தக் கூடத்தில் இடம் பற்றாது, நானே டேப் வைத்து அளந்துவிட்டேன், பதினொன்றுக்குமேல் ஸ்டாண்டு நிற்காது. 64-லேயே நிறுத்தி வருஷத்துக்கு இரண்டு முறை நடத்தலாம் என்பது என் யோசனை. மார்கழி தவிர ஆள் கிடைக்கிற, மண்டபமும் காலியாக இருக்கிற இன்னொரு மாதம் எது என்று கேட்கிறார்கள். புரட்டாசி என்றேன். மழை, என்றார்கள்.